மணிக்கட்டில் ஒரு கிங்கோ இலை

தோலில் ஒற்றிய மாதிரிப்பட அச்சைக் கோணல் என்று மூன்றாவது முறையாகவும் காய்வதற்குள் துடைத்துவிட்டு அசடு வழிகிறான் துஷிக். சியோலின் இந்த மாடியறையில், விளக்கடியில் நீண்டிருக்கிறது போராமின் மணிக்கட்டு. ஏழு வருடங்களுக்கு முன், காதலர்களாக இருந்தபோது, அவளுக்கு வலிக்குமே என்று ஊசியை மேலாக ஓட்டி அவன் பச்சை குத்திய, விசிறி போன்ற கிங்கோ மர இலையில் இப்போது காம்புதான் மிச்சம். “நீ பச்சை குத்துறவனா, பென்சில்ல கிறுக்குறவனா?” என்கிறாள். நாடி துடிக்கத் துடிக்கக் காம்பும் லேசாக அசைகிறது. அவன் கையில் இயந்திரம் ஈ மாதிரி முனகுகிறது. “இந்தத் தடவை ஆழமா போடறேன். இருபது வருஷம் நிக்கும். சரியா?” அவள் ஜன்னலைப் பார்க்கிறாள். “வெயில் ஜாஸ்தி.” “போராம், உன்னைத்தான் கேக்கறேன்.” அவள் திரும்புகிறாள். “லேசாவே போடு. சீக்கிரம் அழியட்டும். உன்னைப் பார்க்க வர எனக்கு வேற சாக்கு இல்ல.”