பதினெட்டுக் கைகள்

வேதத்தின் மேல் கை வைத்துச் சொல்வதானால், இதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. அத்தனையும் கண்ணாரக் கண்டது. ஆலயத்தின் பின்புறச் சமையலறையில் உச்சிவெயில் நீராவிக்குள் புகுந்து வெள்ளையாக நிற்கிறது. ஜன்னலுக்கு வெளியே வீடில்லாத அறுபது பேர் தட்டோடு காத்திருக்கிறார்கள். தினமும் தனியாளாக அவர்களுக்குச் சூப் வைக்கும் அக்காவை உற்சாகப்படுத்தவென்றே சபையிலிருந்து ஒன்பது பேர் வந்து, அவள் தலையிலும் தோளிலும் கை வைத்து ஜெபிக்கிறார்கள். மொத்தம் பதினெட்டுக் கைகள். அந்தப் பாரத்தில் அக்கா இரண்டு அங்குலம் குள்ளமாகிவிட்டாள். அண்டாவில் கிடக்கும் கரண்டி எட்டவில்லை. அடிபிடிக்கும் வாசனை எழுகிறது. "ஐயா, சூப் கருகுது! யாராவது கிண்டுங்களேன்." "பொறுங்கக்கா, உங்களுக்குத்தான் பெலன் கேட்டுக்கிட்டிருக்கோம்," என்கிறார் போதகர். "பெலன் நிறைய இருக்குய்யா, கையத்தான் அசைக்க முடியல!" தோளிலிருந்த கை ஒன்று ஆறுதலாக அவள் உச்சந்தலைக்கு ஏறுகிறது. புகை எல்லார் மூக்கிலும் நுழைகிறது. தும்மல்கூட ஸ்தோத்திரமாகவே வெளிவருகிறது. ஜன்னல் கம்பியில் ஒரு காலித் தட்டு டங், டங்கென்று தட்டுகிறது. அக்கா பல்லைக் கடிக்கிறாள். அந்தப் பதினெட்டில் இரண்டு கைகள் இதைச் சொல்பவனுடையவை. ஆமென் வரைக்கும் அவன் கண்ணைத் திறக்கவே இல்லை.