வெட்டுறவர் இருக்காரா?

கழுத்தை அறுத்த பிறகும் அந்த ஆள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

எடிட்டர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார். கதாநாயகி புருஷனின் பிணத்தின் மேல் விழுந்து அழுது, பழிவாங்கச் சபதம் எடுக்கும் கட்டம். பிணத்தின் நெஞ்சு சாவகாசமாக ஒருமுறை ஏறி இறங்கியது.

"ஒழுங்கா சாகக்கூடத் தெரியல சார் இவருக்கு," என்றார் போனில்.

"அந்த இடத்தை வெட்டிடுய்யா," என்றார் டைரக்டர்.

"வெட்டினா அழுகை பாதியில அறுந்துடும். இன்னொரு தடவை படுக்க வச்சு எடுத்துடலாமே?"

"யாரைப் படுக்க வைக்கிறது? அவர்தான் போயிட்டாராமே. வெட்டு."

வேறு ஏதாவது படத்தில் சாகப் போயிருப்பார் என்று எடிட்டர் நினைத்துக்கொண்டார். வெட்டக் கை வைத்த நேரம், வரவேற்பிலிருந்து அழைப்பு வந்தது. அங்கிருந்த பெண் கிசுகிசுத்தாள்.

"அண்ணே, ஒரு அம்மா வந்திருக்காங்க. வெட்டுறவர் இருக்காரான்னு கேக்கறாங்க."

"வெட்டுறவரா?"

"அப்படித்தான் கேட்டாங்க. பைக்குள்ள விட்ட கைய வெளிய எடுக்கவே மாட்டேங்கறாங்க."

எடிட்டருக்கு நாலு மாதமாக இந்தப் படத்தோடுதான் குடித்தனம். புருஷனைப் பறிகொடுத்தவள் ஒவ்வொரு வீடாகப் போய் மரியாதையாக உட்காருவாள். பைக்குள் கை இருக்கும். கை வெளியே வரும்போது கத்தியும் கூட வரும். அது சரியான நொடியில் மின்ன வேண்டும் என்று ஒரு நாள் முழுக்க மெனக்கெட்டவரே இவர்தான்.

"நான் இல்லைன்னு சொல்லிடு."

"சொல்லிட்டேன்ணே. உள்ள வந்துட்டு இருக்காங்க."

கதவு திறந்தது. தூங்கிப் பல நாளான முகம். கதாநாயகிக்கு மேக்கப்மேன் பாடுபட்டு வரவழைத்த கருவளையம் இந்த அம்மாவுக்குத் தானாகவே வந்திருந்தது. எடிட்டர் மேசையைத் துழாவினார். ஸ்டேப்ளர்தான் அகப்பட்டது.

"நீங்கதான் வெட்டுறவரா?"

"மேல சொல்றதைத்தான்மா நான் செய்யறேன்."

படத்தில் கதாநாயகி கையால் முதலில் சாகிறவனும் இதையேதான் சொல்வான்.

பையிலிருந்து கை வந்தது. இறுகப் பிடித்த கண்ணாடிக்கூடு. அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எடிட்டரைத் தாண்டி, திரையில் அசையாமல் கிடந்தவரைப் பார்த்தார்.

"என் வீட்டுக்காரர். 'அடக்க முடியல, மூச்சு விட்டுட்டேன், எப்படியும் வெட்டிருவாங்க'ன்னு வந்து சொல்லிச் சிரிச்சாரு. அடுத்த வாரமே போயிட்டாரு."

ஸ்டேப்ளர் சத்தமில்லாமல் மேசைக்குத் திரும்பியது.

"வீட்ல இருக்கறது எல்லாம் போட்டோதான் தம்பி. அந்த மூச்ச மட்டும் வெட்டிடாதீங்க."