மபாஸாவின் கன்னத்துக் கீறல்

கம்ப்யூட்டர் திரைக்கு வைத்தியம் பார்த்துக் குணமாக்கிய ஒரே மனிதன் உலகத்திலேயே நான்தான். போன வெள்ளிக்கிழமை கட்டாரிலிருந்து பேசிய மகள் மபாஸா அழுதாள். கண்ணீரைத் துடைக்கக் கை நீட்டினேன். கராம்பு கிள்ளித் தடித்த என் நகம் அவள் கன்னத்தில் மகாவலி ஆற்று நீளத்துக்குக் கீறிவிட்டது. இன்று அவள் அழைப்பதற்குள் திரையில் வாஸ்லின் தடவித் தேய்க்கிறேன். முற்றத்துப் பாயில் காயும் கராம்பு வீடெல்லாம் மணக்கிறது. "கீறலாவது, போறதாவது! புள்ள மூஞ்சியிலதான் எண்ணெ வடியும் நானா," என்கிறார், என்னை அண்ணன் முறையில் நானா என்றழைக்கும் பக்கத்து வீட்டுச் சிவலிங்கம். அழைப்பு ஒலிக்கிறது. மபாஸா சிரிக்கிறாள். "சாப்ட்டீங்களா வாப்பா?" "ஒரு முழு ஆட்டையே முடிச்சிட்டேன் மகள்," என்கிறேன். அடுப்பு காலையிலிருந்து பற்றவில்லை. அவளுக்கு வேலை நேரம், போய்விடுகிறாள். கறுத்த திரையில் இரண்டு கிழட்டு முகங்கள் மிஞ்சுகின்றன. சிவலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைக்கிறார். "கன்னத்துல ஒரு கோடுகூட இல்லீங்க நானா. என் கண்ணாலயே பார்த்தேன்."