எலுமிச்சம்பழத் தூரம்

சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிய அன்று, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, நேரே ஷெட்டுக்குள் விட்டுப் பூட்டினார் முதலாளி. ஓடாத காருக்குத்தான் பிற்காலத்தில் மவுசாம்.

பக்கத்தில் நின்ற கிழட்டு மொபெட் தினமும் மீன் மார்க்கெட் போய்வரும்.

"தம்பி, இன்னிக்குப் பாலத்து மேல என்னா காத்து தெரியுமா!"

"நாத்தம் தாங்கல, தள்ளி நில்லு. ஒரு கீறல் விழுந்தாலும் என் மதிப்புப் போயிடும்" என்று கார் அதன் வாயை அடைத்துவிடும்.

இருபது வருஷம் கழித்து ஒருவர் வந்து, கேட்ட விலையைக் கொடுத்தார். ரோட்டில் ஓடப்போகிறோம் என்று காருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் லாரியில் ஏற்றி, தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினார்கள். பாலத்துக் காற்றில் தார்ப்பாய்தான் படபடத்தது.

புது வீட்டிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அதை நசுக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைந்த கார், ஆசையாகப் பக்கத்தில் பார்த்தது.

பாலத்தைப் பற்றிச் சொல்ல அங்கே ஒரு மொபெட்கூட இல்லை.