ஏழாவது ஸ்பிரிங்

விருத்தாசலத்துப் பீங்கான் ஆலை ஒன்றில், சூளையின் சுடுகாற்றைக் கொண்டுபோகும் பெரிய குழாயைப் பதினோரு ஸ்பிரிங்குகள் தாங்கி நிற்கின்றன. எது எத்தனை கிலோ தாங்குகிறது என்பதைப் பக்கத்திலுள்ள முள் காட்டும். அதைப் பார்த்து எழுதுவது கொளஞ்சிநாதனின் வேலை.

ஏழாவது எப்போதும் இருநூறுதான். ஒரு மாதத்துக்கு முன்பு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அது இருநூற்று முப்பத்தெட்டு காட்டியது. சாப்பாட்டு நேரம் முடிந்து சங்கு ஊதியதும் இருநூறுக்கே திரும்பிவிட்டது.

அந்த இடத்தில், சூடு தெரியாமல் பஞ்சுறை சுற்றிய குழாய்மேல் ஏறி உட்கார்ந்துதான் ஃபிட்டர் கலியமூர்த்தி சாப்பிடுவார். யார் ஏசினாலும் கேட்கமாட்டார். மாசியில் புற்றுநோயில் இறந்துபோனார். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த எடை முப்பத்தெட்டு கிலோ.

"ஏழாவதை மாத்திடலாமா?" என்று ஏட்டில் அந்தக் கணக்கைப் பார்த்த இன்ஜினியர் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க சார்," என்ற கொளஞ்சிநாதன், அன்றிலிருந்து எல்லா வேளைக்கும் இருநூறு என்றே எழுதினான்.

கலியமூர்த்தியின் மனைவி பானுமதி பேக்கிங்கில் வேலை பார்க்கிறாள். சங்கு ஊதியதும் தினமும் வந்து கேட்பாள்.

"இன்னிக்கு எவ்ளோப்பா?"

"இருநூத்தி அறுபத்தொண்ணுங்கக்கா."

"கண்ணாலத்தப்ப இருந்த மாதிரியே ஆயிட்டாரு."

காலையில் குழாய்மேல் வைத்த டிபன் பாக்ஸை எட்டி எடுத்தாள். இன்றும் வழித்துச் சாப்பிட்டுக் காலியாக இருந்தது.