மருந்தில்லாத தோட்டா

நாலாவது குண்டும் தள்ளிப் போய் விழுந்துச்சு.

வெல்டா துப்பாக்கி மேல இருந்த ஸ்கோப்புலேந்து கண்ண எடுக்கல. தூரத்துல நிக்குற வெள்ளத் தாள்ல நாலு ஓட்டையும் ஆளுக்கொரு திசையில கெடந்துச்சு.

அவ செஞ்சு விக்கிற ரைபிள்ல அஞ்சு குண்டும் ஒண்ணு மேல ஒண்ணா விழணும். அவளே சுட்டுப் பாப்பா. அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டு துப்பாக்கியோட சேத்துக் குடுப்பா. மொன்டானா முழுக்க அவ பேரு நிக்கிறதே அந்தத் தாள்லதான்.

"பாத்தியா?"ன்னு பின்னால உக்காந்திருந்த கார்டிகிட்ட கேட்டா. "இதுவும் நீ குடைஞ்ச பேரல்தான்."

கார்டி அவளோட பழைய புருஷன். கல்யாணம் முறிஞ்சு போச்சு, துப்பாக்கிக்கு வேண்டிய பேரல் குழாய் மட்டும் இன்னும் அவன்கிட்டேந்துதான் வருது. அவன மாதிரி குடையறதுக்கு அந்தப் பக்கமே ஆள் கெடையாது. இந்த வசந்தம் வரைக்கும் அவளும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தா.

அப்புறம் எதுவுமே ஒழுங்கா சுடல. தோள்ல முட்டுற கட்டைய மாத்தினா. ஸ்கோப்ப மாத்தினா. டிரிகரப் பிரிச்சு இழைச்சு மாட்டினா. ஒண்ணும் வேலைக்காகல. அப்ப பேரல்தானே கோளாறு? திருப்பி அனுப்பினா. அவன் மறுபேச்சுப் பேசாம வேற அனுப்பினான். அதையும் அனுப்பினா, அதுக்கும் வேற வந்துச்சு. ஆறேழு இருக்கும்.

அவன் சண்டைக்கு வராததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். தப்பு பண்ணாதவனா இருந்தா குதிச்சிருப்பான்ல? கார்டியோட பேரல் தக்காளிச் செடிக்கு முட்டுக் குடுக்கத்தான் லாயக்குன்னு கிளப் முழுக்கச் சொல்லிட்டா. அவன் காதுக்கும் போச்சு. அதுக்கும் வாயத் தொறக்கல.

இந்த ரைபிள் பாய்டோடது. மலை ஆட்டுக் கடா வேட்டைக்கு வாலிபத்துலேந்து மனு போட்டுட்டே இருந்த மனுஷன். இந்த வருஷந்தான் குலுக்கல்ல பேரு வந்துருக்கு. இன்னொரு தடவ வராது. சனிக்கிழம வந்து நிப்பான். துப்பாக்கி சரியில்லன்னா வேற ஆளோடத வாங்கிட்டு மலையேறிடுவான். அதோட வெல்டா கடைய மூட வேண்டியதுதான்.

அதனாலதான் கார்டிய சுடுற மைதானத்துக்கே வரச் சொன்னா. வந்து உன் கண்ணால பாருன்னு.

"அஞ்சாவது குடு"ன்னு கைய மட்டும் பின்னால நீட்டினா. ஸ்கோப்புலேந்து கண்ண எடுக்கறது அவ பழக்கமில்ல.

கார்டி உள்ளங்கையில ஒண்ண வச்சான். உள்ள தள்ளி போல்ட்ட மூடினா. பாதி மூச்ச விட்டா. டிரிகர அழுத்தினா.

டிக்.

வெடிக்கல. ஆனா பேரல் நுனி சடக்குனு கீழ குத்துச்சு.

வெடிக்காத துப்பாக்கி எதுக்கு ஆடணும்? ஆட்டினது அவ தோள். வெடிக்கப் போகுதுன்னு அதுவே முன்கூட்டி பயந்து சுருங்கிக்கிச்சு.

தோட்டாவ வெளிய எடுத்து காதுகிட்ட ஆட்டிப் பாத்தா. சத்தமே இல்ல. உள்ள மருந்தே கெடையாது. கார்டி ஜோப்புலேந்து வந்தது அது.

புதுசா சுட வர்ற பசங்க பயப்படறாங்களான்னு பாக்கப் பண்ற வேல இது. வெல்டாவே எத்தன பேருக்குப் பண்ணிச் சிரிச்சிருக்கா.

பக்கத்து மேசைக்காரங்க மலையப் பாத்தாங்க. கார்டி தன் பூட்ஸப் பாத்தான்.

மார்ச்சுல இதே மேசையிலதான் ஒரு தோட்டா துப்பாக்கிக்குள்ளயே வெடிச்சு, புகையும் பித்தளத் துணுக்குமா அவ மூஞ்சில அடிச்சுது. கண்ணாடி போட்டிருந்ததால கண்ணு தப்பிச்சுது. மறுநாளே வந்து சுட்டா. எனக்கென்னன்னா. எல்லாரும் வாயப் பொளந்தாங்க.

கன்னத்துக் காயம் ஆறிடுச்சு. தோளுக்கு மட்டும் இன்னும் மார்ச்சுதான்.

கார்டி தொண்டையச் செருமினான். அவனே சுட்டுத் தர்றதாவும், அவ கையெழுத்து மட்டும் போட்டா போதும்னும், யாருக்கும் தெரியாதுன்னும் மெதுவாச் சொன்னான்.

"என் தாள நீ சுடுவியா?"ன்னா வெல்டா. "கலந்து குடு. எது மருந்தில்லாததுன்னு சொல்லாத."

கலந்து குடுத்தான்.

டமால். டிக், நுனி குத்துச்சு. டிக், மறுபடியும் குத்துச்சு. அவ வாயிலேந்து வந்த வார்த்தையெல்லாம் அப்படியே விட்டுருவோம். பக்கத்து மேசை காலியாச்சு. கார்டி ரெண்டு பேரோட ரொட்டியையும் தின்னு தீத்தான். டிக், லேசா ஒரு ஆட்டம். டமால். டிக், ஆடல. இன்னொரு டிக். அதுக்கும் ஆடல.

அதோட தோட்டா தீந்து போச்சு.

அவ வண்டியோட பின்கதவுல தராசும் மருந்து டப்பாவும் தோட்டா அமுக்குற கருவியும் மாட்டியிருந்துச்சு. மார்ச்சுக்கப்புறம் அதுகிட்ட அவ ஒருத்தரையும் விட்டதில்ல.

"அஞ்சு ரொப்பு"ன்னா.

கார்டி எழுந்திருக்கல. நீயே ரொப்பிக்கன்னான். எந்திரிச்சா தோளுக்கு மறுபடி புத்தி மாறிடும், நீ போன்னா அவ.

போனான். மருந்த நிறுத்தான். திருப்பிக் கொட்டினான். மறுபடியும் நிறுத்தான்.

"தங்கமா நிறுக்கற?"ன்னு அங்கேந்தே கேட்டா.

மூணாவது வாட்டியும் நிறுத்துட்டுத்தான் ரொப்பினான். அஞ்சையும் எடுத்துட்டு வந்து, ஒண்ண அவ கையில வச்சான்.

போல்ட்ட மூடினா. பாதி மூச்ச விட்டா.

டமால்.

குத்தல. தாள்ல ஓட்டை சரியா நடுப் புள்ளியில இருந்துச்சு.

பின்னால கார்டி அதப் பாக்கல. ரெண்டு கண்ணையும் இறுக்க மூடி, தோள காது வரைக்கும் தூக்கிட்டு உக்காந்திருந்தான். மார்ச்சுல அவ மூஞ்சில வெடிச்சது, அவன் கையால ரொப்பின தோட்டா.

"தூங்கிட்டியா?"ன்னா வெல்டா. "அடுத்தது குடு."