பறவை மேல் பதினேழு புகார்கள்

குடியிருப்போர் சங்கச் செயலாளர் புகார் நோட்டைப் பிரித்து, எண்ணி, பதினேழு என்றார்.

நான்கு மாதத்தில் பதினேழு. தண்ணீர் வராத கோடையில்கூட இத்தனை புகார் வந்ததில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தரைத்தளத்து அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்பது பேர். எதிரே கீழ்வீட்டு அக்கா. பதினேழில் பதினைந்து அவர் கைப்பட எழுதியவை. அக்காவுக்கு நேரே மூன்றாம் மாடிப் பெண்; அவள் பக்கத்தில் அவள் கணவன், வழுவழுவென்று மழித்த, மலர்ந்த முகத்தோடு.

விஷயம் இவ்வளவுதான். மூன்றாம் மாடியில் அவள் வளர்க்கும் வெள்ளைக் காக்கட்டூவை, அந்தக் கொண்டைக்கிளியை, ஒரு வாரத்துக்குள் வெளியேற்ற வேண்டும். கணவன் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அவளும் போட்டுவிட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

அவள் போடவில்லை.

அவள் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு வந்துகொண்டிருந்த ஒருவர், ஊரை விட்டுப் போகும்போது கொடுத்த பறவை அது. வந்தபோது நெஞ்சில் ஒரு இறகுகூட இல்லை. பேச்சுத் துணை இல்லாவிட்டால் தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும் இனம்.

அவள் தினமும் காலையில் அதைத் தராசில் நிறுத்தி எடை குறித்தாள். சூரியகாந்தி விதையைக் குறைத்து, கீரையும் காரட்டும் பழக்கினாள். கடித்துக் குதற மரக்கட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டாள். ஒட்டாத வாணலி காய்ந்தால் வரும் புகை பறவைக்கு ஆகாது என்று படித்த அன்றே, புத்தம்புது வாணலியைத் தூக்கிப் போட்டாள். மாலை ஏழு மணிக்குக் கூண்டின் மேல் போர்வை. ஏழாம் மாதம் நெஞ்சில் வெள்ளையாய்ப் பஞ்சு முளைத்தது.

கத்தும் என்பதை அவள் மறுக்கவில்லை. விடியலில் பத்து நிமிடம், பொழுது சாயும்போது பத்து நிமிடம். அது அதன் பிறவிக் குணம், அதற்காக மன்னிப்புக் கேட்க முடியாது என்று மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

செயலாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு புகாரை வாசித்தார். இரவு எட்டரை. பறவையின் அலறல். அரை மணி நேரம்.

எட்டரை மணி சீரியல் அதற்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றார் முதல் மாடிக்காரர். சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அவள் கணவன்.

"என்ன சார் பண்றது? அவளுக்கு அது பிள்ளை மாதிரி. நான் சொன்னா எங்க கேக்குறா?"

பாவம் மனுஷன் என்று இரண்டு நாற்காலிகள் உச்சுக்கொட்டின. கீழ்வீட்டு அக்கா அவளைப் பார்த்து, உன் மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா, ஆனா அது அலறினா என் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது என்றார். அதில் பொய் இல்லை.

கணவன் அவள் மணிக்கட்டின் மேல் கையை வைத்தான். பார்ப்பவர்களுக்குப் பாசமாகத்தான் தெரிந்திருக்கும்.

அவள் கையை உருவிக்கொண்டு எழுந்தாள்.

போன மாதத்துப் பக்கத்தை வாசியுங்கள் என்று கேட்டாள். நான்காம் தேதி, ஏழு, பதினொன்று. மூன்றுமே இரவு. மூன்றுமே பறவை. கடைசி வரியில் மட்டும் அக்கா கூடுதலாக ஒன்று எழுதியிருந்தார்: அழைப்பு மணி அடித்துக் கேட்டேன், பறவைதான் என்று அந்தப் பெண்ணின் கணவர் சொன்னார்.

அவள் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நோட்டின் மேல் வைத்தாள். பறவை மருத்துவமனையின் சீட்டு.

கொக்கியைத் தானே திறந்துகொண்டு வெளியே வருகிறது என்று கணவன் கூண்டுக்கு ஒரு பளபளப்பான மலிவுப் பூட்டு வாங்கி மாட்டியிருந்தான். அது பூட்டை விடாமல் கடித்தது. மேல்பூச்சிலிருந்த துத்தநாகம் உடம்பில் ஏறி, கால் நிற்காமல் தள்ளாடியது. அட்டைப்பெட்டியில் வைத்து அவள் எடுத்துப் போனது படியில் யார் கண்ணிலும் படவில்லை. சேர்த்தது போன மாதம் இரண்டாம் தேதி. வீட்டுக்கு வந்தது பதின்மூன்றாம் தேதி.

"நாலு, ஏழு, பதினொண்ணு. மூணு நாளும் கூண்டு காலி சார்."

செயலாளர் சீட்டைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். கீழ்வீட்டு அக்காவின் கை வாய்க்குப் போனது.

கணவன் முகத்தில் சிரிப்பு அப்படியேதான் இருந்தது. அதை எங்கே இறக்கி வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"வா, வீட்ல போய்ப் பேசிக்கலாம்."

"இங்கயே பேசலாம்."

செயலாளரிடம் பேனாவைக் கேட்டு வாங்கினாள். கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். நான்காம் தேதி வரியில் 'பறவை' என்ற சொல்லை அடித்து, அதன் மேல் 'நான்' என்று எழுதினாள். ஏழாம் தேதியிலும் எழுதினாள். பதினொன்றிலும்.

பிறகு முந்தைய பக்கத்தைத் திருப்பினாள்.